20-க்கு 6 வாங்கிய கண்காட்சி ரிப்போர்ட்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டில் எங்கள் வளாகத்திலேயே ஒரு கான்செப்சுவல் ஆர்ட் (செய்த பொருளைவிட எண்ணமே முக்கியம் என்னும் கலை) கண்காட்சி நடந்தது. பார்த்துவிட்டு மூன்று பக்கம் எழுதித் தர வேண்டும்; இன்டர்னலில் 20 மதிப்பெண். நான் பத்து நிமிஷத்தில் சுற்றி முடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டேன். எழுதியதில் பாதி, 1917-ல் மார்செல் டூஷாம்ப் என்ற கலைஞர் சிறுநீர்க் கோப்பையைக் கலை என்று வைத்த கதை. (எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். திருத்துகிறவருக்கு எப்படி இருக்கும்!) மீதி முழுக்க 'சிந்திக்க வைக்கிறது', 'உலுக்குகிறது'. 20-க்கு 6 வந்தது. ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் "நீ என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

திருப்பி எழுத இரண்டு நாள் கிடைத்தது. நல்லவேளை, கண்காட்சியை இன்னும் கழற்றவில்லை.

இந்தத் தடவை ஒரே ஒரு படைப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். தரையில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். முதல் நாள் 'தண்ணீர்ப் பஞ்சம், சரி' என்று தாண்டிப்போனது இதைத்தான். எண்ணினேன், 42. எல்லாம் புழங்கிய குடங்கள். ஒன்றின் கழுத்தில் நெயில் பாலிஷில் 'க' என்று எழுதியிருந்தது. ஒன்றில் துணிக்கிழிசல் கட்டியிருந்தது. இன்னொன்றில் விரிசலைச் சூடுவைத்து ஒட்டிய தழும்பு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் நான்கும் வற்றிக் கிடந்தபோது எங்கள் தெருவிலும் லாரிக்கு இப்படித்தான் இடம் பிடித்தோம். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும்.

சுவரில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'ஒருவர் ஒரு குடத்தை நகர்த்தலாம்.' முதல் நாள் இது என் கண்ணிலேயே படவில்லை. அன்றைய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதில் நேர்க்கோடாக இருந்த வரிசை, இப்போது முன்பக்கம் முட்டிமோதிக்கொண்டு நின்றது. காவலுக்கு இருந்த ஜூனியரிடம் கேட்டேன். "எல்லாரும் முன்னாடிதான்க்கா வைக்கிறாங்க. நேத்து ரெண்டு பேருக்குச் சண்டையே வந்திருச்சு" என்றான்.

கோட்பாட்டுக்கு இடம் இங்கேதான் வந்தது. எண்ணமே கலையை உண்டாக்கும் இயந்திரம் என்று அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் 1967-ல் எழுதினார். அவருடைய சுவர் ஓவியங்களுக்கு அவர் தந்தது எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பு. வரைந்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். இங்கே அந்த ஒற்றை வரிதான் இயந்திரம், ஓட்டியது நாங்கள். நோட்ஸில் மூன்று முறை படித்தும் புரியாத விஷயம் அது.

நீங்கள் எழுதப் போகிறீர்கள் என்றால், படைப்பின் பக்கத்தில் வைத்திருக்கும் விளக்க அட்டையைப் படிக்கும் முன்பே பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன, எத்தனை, புதிதா பழையதா, தொடலாமா. அட்டை அப்புறம். முதலில் படித்துவிட்டால் அது சொல்வதைத்தான் கண் தேடும். முடிந்தால் ஒருநாள் விட்டுத் திரும்பப் போங்கள். பிடிக்காததையும் தைரியமாக எழுதலாம். பக்கத்து அறையில் உடைந்த கண்ணாடிகளைக் குவித்து 'நான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைப்பை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றுமே மிஞ்சவில்லை என்று எழுதினேன். அந்தப் பத்திக்கு டிக் விழுந்தது.

மொத்தம் 16. ஆனால் 42 என்ற எண்ணை மேடம் வட்டமிட்டிருந்தார். பக்கத்தில், "43. தூணுக்குப் பின்னால் ஒன்று தள்ளிக் கிடக்கிறது."