ஸ்லைடில் இருந்தது

"ஆயில்தான் கொன்னுச்சு" என்று ஒரு வாட்ச்மேனிடம் சொன்னது நான். சொன்னதில் சந்தேகமில்லை. சொல்லியிருக்கலாமா என்பதில்தான் ஒன்றரை வருடமாகியும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

சொறி பிடித்த தெரு நாய்க்கு இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைத் தடவுவது கால்நடை மருத்துவத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. மண்ணெண்ணெய், பெட்ரோல், புழு வைத்த புண்ணில் பினாயில், எல்லாம் பார்த்தாயிற்று. ஆயிலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு என்றால், சில நாய்களுக்கு அது கேட்பது போலவே தெரியும். தோலை மூடிவிடுவதால் மேலாக இருக்கும் பூச்சிகள் கொஞ்சம் செத்துப்போகலாம். அரிப்பு இரண்டு நாள் அடங்கினாற்போல் இருக்கும். தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிட்டிருக்கும் பூச்சி அப்படியே இருக்கும். நாய் சும்மா இருக்குமா? நக்கும். இன்ஜினில் தேய்ந்த உலோகமும் எரிந்த எண்ணெயின் கசடும் வயிற்றுக்குள் போகும். வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாயில் ஏறினால் நிமோனியா.

அந்த வாட்ச்மேன் சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்து, நாயை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி தள்ளிக்கொண்டே வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நாயின் உடம்பில் முடி இருந்த இடம், உதிர்ந்த இடம் எல்லாம் ஒரே கறுப்பு. தெர்மாமீட்டர் 97 காட்டியது. நாய்க்குச் சாதாரணமாகவே 101-க்கு மேல் இருக்கும். மாவைத் தூவி எண்ணெயை ஒற்றி எடுத்தோம். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நான்கு முறை. நான்காவது முறையும் தண்ணீர் சாம்பல் நிறத்தில்தான் ஓடியது. காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். நிற்கத் தெம்பில்லாத அந்த நிலையிலும் பின்னங்கால் தானாக எழும்பிக் காற்றைச் சொறிந்தது. சொறிப்பூச்சிக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெள்ளையாக இருந்தது. குளிர்ந்துபோய், அதிர்ச்சியில் வெளுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் இழுத்து வைத்தேன். கூட்டம் அதிகமான மாலை அது. பிறகு பார்க்கலாம் என்று தட்டில் கிடந்தது.

நள்ளிரவுக்கு மேல் நாய் இறந்துவிட்டது. காலையில் டியூட்டி முடிந்த கையோடு அவர் வந்தார்.

"எதனால போச்சு, டாக்டரம்மா?"

"நீங்க தடவின ஆயில்தான் கொன்னுச்சு. ஒண்ணும் செய்யாம இருந்திருந்தாலே இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீங்களும் தெனம் அந்த வழியாத்தான போறீங்க" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது, ஏதோ நினைவுக்கு வந்ததைச் சொல்வது போல. "எனக்கு இதுதான் தெரிஞ்சுது."

தினமும் போகிறேன்தான். அந்த நாயை மூன்று மாதமாகப் பார்த்தும் இருக்கிறேன். முதலில் காது ஓரம், அப்புறம் முழங்கை, அப்புறம் வயிறு என்று முடி உதிர்ந்துகொண்டே வந்ததைக் கார் கண்ணாடி வழியாக, கிட்டத்தட்ட பாடப் புத்தகம் படிப்பது போலக் கவனித்திருக்கிறேன். சாப்பாட்டுக்குள் வைத்துக் கொடுத்தால் உண்ணியையும் சொறிப்பூச்சியையும் வாரக்கணக்கில் அண்டவிடாத மாத்திரை பின் சீட்டுப் பையிலேயே இருந்தது. ஒரு நாயிடம் நிறுத்தினால் எல்லா நாயிடமும் நிறுத்த வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். நியாயமான விதிதான். இப்போதும் அதை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை.

அன்று மதியம் ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவத்தில் ஜோடி ஜோடியாக பேபிசியா, உண்ணி கடித்து ரத்தத்தில் ஏறும் ஒட்டுண்ணி. கண்ணில் படும் வட்டத்தில் ஒன்றிரண்டு இல்லை, எங்கே நகர்த்தினாலும் இருந்தது. உண்ணிக் காய்ச்சல். நேரத்தோடு வந்தால் ஊசி போட்டுப் பிழைக்க வைக்கக்கூடியது. ஈறு வெளுத்திருந்தது அதிர்ச்சியால் மட்டும் இல்லை. ஆயில் படுவதற்கு முன்பே அந்த நாயின் ரத்தம் பாதி தீர்ந்திருக்கும். ஆயில் அதைச் சீக்கிரப்படுத்தியதா, இல்லை எப்படியும் அந்த இரவுதானா? பிரேதப் பரிசோதனை செய்யவில்லை; உடலை அவர் அதே சாக்கில் சுற்றி எடுத்துப் போயிருந்தார்.

அவர் காவல் இருக்கும் கேட் இரண்டு நிமிட தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். "ஆயில் மட்டும் இல்லைங்க" என்றால் அவர் காதில் "ஆயில் தப்பில்லை" என்று விழும், அடுத்த நாய்க்கும் தடவுவார் என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது பொய்க் காரணமும் இல்லை.

ஆனால் அதே மாதம் ஒரு கணவன் மனைவி பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்திருந்தார்கள். முகம் வீங்கி, நாக்கு பழுப்பாக மாறியிருந்தது. பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைக் கழிக்கத் தெரியாது. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அங்கே எதனால் இறந்தது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. இருந்தும் இருவரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "தெரியாமல் செய்ததுதானே, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றேன். அவர்கள் அழுதார்கள், இவர் அழவில்லை, அதனால்தான் என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். இவரை நான் உட்காரவே சொல்லவில்லை என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

தடுப்பூசி முகாம்களில் இந்த ஆயில் கதையைச் சொல்கிறேன். கூட்டம் சட்டென்று அமைதியாகிவிடும். முடிந்ததும் ஒருவராவது ஓரமாக வந்து, "நாங்களும் தடவியிருக்கோம், இனிமே செய்யமாட்டோம்" என்பார். ஸ்லைடைப் பற்றி அங்கே பேசுவதில்லை. பேசினால் கதை கெட்டுவிடும். அந்தக் கதையால் பிழைத்த நாய்கள் சில இருக்கும் என்று நம்புகிறேன். அப்படியானால் நான் செய்தது சரி என்றாகிவிடுமே என்றும் தோன்றுகிறது. அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

போன மாதம் அந்த கேட் பக்கத்தில் ஒரு குட்டி. காது ஓரம் முடி உதிர ஆரம்பித்திருந்தது. காரை நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நான் எதுவும் தடவல, டாக்டரம்மா. தொடவே இல்ல. சாப்பாடுகூட வைக்கிறதில்ல."

மாத்திரையை அவரிடம் நீட்டி, எதிலாவது வைத்துக் கொடுக்கச் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே குடுத்துருங்க."