சாட் ஹில்: பிணமில்லாத கல்லறைத் தோட்டம்

ஸ்பெயினின் வடக்கே, புர்கோஸ் மாகாணத்தில், சாந்தோ தொமிங்கோ தே சிலோஸ் என்றொரு சிற்றூர். அங்கிருந்து மண்பாதையில் சில கிலோமீட்டர் போனால் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் குழிந்த புல்வெளி வருகிறது. அதில் வட்டம் வட்டமாக மண்மேடுகள், மரச் சிலுவைகள். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தின் உச்சக்காட்சிக்காக 1966-ல் இயக்குநர் செர்ஜியோ லியோனே உருவாக்கிய ‘சாட் ஹில்’ கல்லறைத் தோட்டம் இது.

கார்லோ சிமி வடிவமைக்க, சுமார் 5,000 கல்லறைகளை மண் வெட்டிக் குவித்தவர்கள் ஸ்பானிய ராணுவ வீரர்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். படத்தின் முக்கியப் பாத்திரங்கள் மூவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்ற நடுவட்டத்தின் கற்தளத்தை மண் மூடியது. அதன்மேல் புல் வளர்ந்தது, மாடுகள் மேய்ந்தன.

2015-ல் சுற்றுவட்டார ரசிகர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். புல்லைச் செதுக்க, அடியில் அதே கற்கள் அப்படியே இருந்தன. 15 யூரோ கொடுத்தவர்களின் பெயர்கள் சிலுவைகளில் எழுதப்பட்டன. இந்த உழைப்பைக் குயிலெர்மோ தே ஒலிவெய்ரா 2017-ல் ஆவணப்படமாக்கினார். அந்தத் தளத்தில் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நடிகர் ஈலை வாலக் பொற்காசுகளைத் தேடித் தலைதெறிக்க ஓடும் காட்சியும், கூடவே ஏறிக்கொண்டே போகும் என்னியோ மோரிக்கோனேயின் இசையும் நினைவுக்கு வர, நானும் சிலுவைகளுக்கிடையே வேகமாக நடந்தேன். திரையில் முடிவே இல்லாததுபோல் தெரியும் இடம், உண்மையில் சிறிய பள்ளத்தாக்குதான்.

ஆனால் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது வேறொன்று. இதே மாகாணத்தில், எஸ்தேபார் காட்டில், உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936-ல், பின்னாளில் சர்வாதிகாரியான பிராங்கோவின் தரப்பினர் சுட்டுக் கொன்றவர்கள் பெயரில்லாக் குழிகளில் கிடந்தார்கள். அந்தக் குழிகளைத் தோண்டி எலும்புகளை எடுக்கத் தொடங்கியது 2014-ல்தான். பிராங்கோவின் ஆட்சியில், பிராங்கோவின் ராணுவமே, இல்லாத பிணங்களுக்கு ஆயிரக்கணக்கில் கல்லறை கட்டிக்கொண்டிருந்த நாட்களில், நிஜமாகச் செத்தவர்களுக்கு ஒரு சிலுவைகூட இல்லை. சாட் ஹில்லை மீட்டவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. இருந்தாலும் அங்கே போகிறவர்கள் எஸ்தேபாரையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அர்லான்சா ஆற்றின்மேல் படத்துக்காகக் கட்டிய பாலத்தின் கதையும் இந்தப் பக்கத்தில் பிரபலம். கேமராக்கள் ஓடத் தொடங்குமுன்பே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ராணுவத்தினரே மறுபடி கட்டிக்கொடுக்க, இரண்டாம் முறை வெடித்ததைத்தான் படத்தில் பார்க்கிறோம். காயம்பட்ட வீரர்கள் கிடத்தப்பட்டிருக்கும் மடமாக வருவது, அதே ஆற்றங்கரையில் சிதைந்து நிற்கும் சான் பெத்ரோ தே அர்லான்சா.

புர்கோஸ் நகரிலிருந்து சிலோஸ் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது. கோடையில் போனால் காலையிலேயே போய்விடுங்கள். நடுவட்டத்தில் நிழல் கிடையாது, குடிநீரும் கையோடு வேண்டும்.