ஒரே கண்ணாடிப் பட்டையில் ஆறு சொட்டு: மின்வேதி ஒளிர்வு முயற்சி

லூமினால் என்பது ஆக்சிஜனேற்றம் அடையும்போது நீலமாக ஒளிரும் வேதிப்பொருள். பென்சில் லெட் இரண்டை மின்முனையாக வைத்து, மின்சாரத்தால் அதை ஒளிர வைப்பது (மின்வேதி ஒளிர்வு) ஏற்கெனவே கைவந்துவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மாதிரியைத்தான் சோதிக்க முடியும். மாதிரி கூடினால் மின்முனையும் வயரும் கூடிக்கொண்டே போகும். அதனால் இந்த முறை, எல்லா மாதிரிக்கும் ஒரே மின்முனை போதும் என்ற ஒற்றை மின்முனை வழிக்கு மாறினேன்.

ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு, மின்சாரம் கடத்தும் ஒளி ஊடுருவும் பொருள்) பூச்சுள்ள கண்ணாடிப் பட்டை ஒன்று, அதன்மேல் வட்டத் துளைகள் போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கர், அவ்வளவுதான் கருவி. பட்டையின் இரு முனையிலும் கிளிப் மாட்டி மின்சாரம் விட்டால், பூச்சின் மின்தடையால் மின்னழுத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராக இறங்கும். ஆக, ஒவ்வொரு துளையின் இரண்டு ஓரங்களுக்கும் இடையே ஒரு வித்தியாசம் இருக்கும். அது போதுமான அளவு இருந்தால், துளையில் நிற்கும் சொட்டே தனி மின்கலமாகிவிடும். எத்தனை துளை இருந்தாலும் வயர் இரண்டுதான்.

என் பட்டையில் கிளிப்புகளுக்கு இடையே 6 செ.மீ., துளையின் விட்டம் 6 மி.மீ. 12 வோல்ட் கொடுத்தால் ஒரு துளைக்குக் கிடைப்பது 1.2 வோல்ட். அதில் மங்கலாகத்தான் தெரிந்தது. 15 வோல்ட்டில், அதாவது துளைக்கு 1.5 வோல்ட்டில், நன்றாக ஒளிர்ந்தது. அதற்கு மேல் ஏற்றினால் குமிழி வருகிறது. எதிர்முனை (−) பக்கத்து ஓரத்தில் பூச்சும் பழுப்பேறிக் கறுக்கிறது. இண்டியம் ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து (ஒடுங்கி) உலோகமாக மாறுவதன் அடையாளம் அது. பட்டை அதோடு காலி.

கரைசல் 1 மில்லிமோலார் லூமினால், 0.1 மோலார் சோடியம் கார்பனேட். லூமினாலுக்குக் காரத்தன்மை வேண்டும், இல்லாவிட்டால் சரியாகக் கரையவும் செய்யாது, ஒளிரவும் செய்யாது. இதோடு வெவ்வேறு அளவில் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து, துளைக்கு 30 மைக்ரோலிட்டர் விட்டேன். செம்புக் கிளிப்பில் கரைசல் பட்டுவிடக் கூடாது. செம்பு அயனி கலந்தால் மின்சாரமே இல்லாமல் லூமினால் ஒளிரும், அளவு எல்லாம் பொய்யாகிவிடும்.

சொட்டு முழுவதும் ஒளிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நேர்முனை (+) பக்கம் இருக்கும் ஓரத்தில் மட்டும் மெல்லிய நீலப் பிறை ஒன்று தெரியும். லூமினால் ஆக்சிஜனேற்றம் அடைவது அங்கேதான். கிளிப்புகளை இடம் மாற்றினால் பிறை எதிர் ஓரத்துக்குத் தாவும். ஆறு துளையிலும் ஒரே நேரத்தில் அது தாவுவதைப் பார்க்கவே இன்னொரு தடவை மாற்றலாம்.

படம் எடுக்க மொபைல் கேமராவே போதும். எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். ஒளி 425 நானோமீட்டர் பக்கம் இருப்பதால் நீல அலைவரிசையை மட்டும் எடுத்து, மின்சாரம் விடாமல் எடுத்த படத்தைக் கழித்தேன். விளக்கு எதுவும் தேவையில்லை என்பதால் பின்னணி வெறும் இருட்டு. மலிவான கேமராவை வைத்து இதைச் செய்ய முடிவதே அதனால்தான்.

முடிவுக்கு வருவோம். பெராக்சைடு கூடக் கூட வெளிச்சமும் கூடுகிறது, வரிசை பிசகவில்லை. வைட்டமின் சி கலந்த துளை மங்குகிறது. ஆனால் ஆறிலும் ஒரே கரைசலை விட்டாலும் ஆறும் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை. ஸ்டிக்கரின் வெட்டு ஓரமும் சொட்டு பரவும் விதமும் துளைக்குத் துளை மாறுகின்றன. எனவே முதலில் ஆறிலும் பொதுக் கரைசலை விட்டு ஒரு படம், அப்புறம் மாதிரிகளுக்கு இன்னொரு படம். இரண்டாவதை முதலாவதால் வகுத்துக்கொள்கிறேன். கேமராவை மாற்றுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

மிச்சம் இருப்பது சூடு. சதுரத்துக்கு 10 ஓம் (அதாவது பூச்சின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை 10 ஓம்) உள்ள பூச்சு, 1 செ.மீ. அகலம் என்றால் 6 செ.மீ. நீளத்துக்கு ஆறு சதுரம், மொத்தம் 60 ஓம். 15 வோல்ட்டில் 250 மில்லிஆம்பியர், கிட்டத்தட்ட 4 வாட். சில வினாடிக்கு மேல் விட்டால் கண்ணாடி சுட ஆரம்பித்து, சொட்டும் வற்றுகிறது. அடுத்து சதுரத்துக்கு 100 ஓம் உள்ள பூச்சில் செய்யப் போகிறேன். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகும், அதே பவர் சப்ளையில் பல பட்டைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்.