பதினேழு வயதுக்காரர்களிடம் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். சில ஆண்டுகளாக சிக்ஸ்த் ஃபார்ம் டியூட்டர் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. சிக்ஸ்த் ஃபார்ம் என்றால் நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதுதான். இங்கே இயர் 12, இயர் 13 என்பார்கள். ஆனால் அன்றாடம் வேறு மாதிரி. ஏ லெவல் என்ற மேல்நிலைப் படிப்பு படிக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு மூன்றே பாடம், எங்கள் பள்ளியில் அவர்களுக்குச் சீருடை கிடையாது, ஆபீசுக்குப் போகிற மாதிரி உடுத்தினால் போதும், நடுநடுவே ஃப்ரீ பீரியட், உட்கார்ந்து பேச ஒரு காமன் ரூம். 11 வயதுப் பிள்ளைகள் ஓடித் திரியும் அதே வராந்தாவில்தான் இவர்களும் நடக்கிறார்கள். பெரியவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்தச் சின்னதுகள் ஆசிரியர்களைவிட இவர்களைப் பார்த்துத்தான் அதிகம் எடுத்துக்கொள்கின்றன.

அந்த வராந்தாச் சுவரில் ஒரு போஸ்டர் இருக்கிறது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், வேறு நம்பிக்கை உள்ளவர்களிடம் மரியாதையும் சகிப்பும். பள்ளிகள் இவற்றை முனைந்து வளர்க்க வேண்டும் என்று கல்வித்துறை 2014 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் அதிகாரிகளும் இதைப் பார்க்கிறார்கள். அசெம்ப்ளியில் இதைப் பற்றி நாங்கள் நன்றாகவே பேசுகிறோம். ஆனால் பேச்சைக் கேட்டு ஒரு பதினேழு வயதுப் பிள்ளை மாறி நான் பார்த்ததில்லை. ஒரு நிஜமான வேலையையோ முடிவையோ அவர்கள் கையில் கொடுத்தபோது பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ரமலான் மாதத்தில் காமன் ரூம் மைக்ரோவேவ் பெரிய விஷயமாகிவிட்டது. நோன்பு இருக்கும் பிள்ளைகள் சிலர், அந்த மாதம் மட்டும் அதை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று மாணவர் கவுன்சிலில் கேட்டார்கள். காமன் ரூம் சின்னது, ஒருவர் பிரியாணியைச் சூடு பண்ணினால் எல்லோருக்கும் வாசனை வரும். வாக்கெடுப்பு நடந்தது, கோரிக்கை தோற்றது. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: மதியம் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் கேன்டீன் வரிசையில் நிற்க முடியாது, வீட்டிலிருந்து கொண்டு வருவது செலவு குறைவு, அப்புறம் எங்கே போய்ச் சாப்பிடுவது? பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது, ஜனநாயகம் முடிந்தது என்று சிலர் சொன்னார்கள். போஸ்டரில் சேர்ந்து இருக்கிற ஜனநாயகமும் மரியாதையும் அன்றைக்குத்தான் ஒன்றோடொன்று மோதின. துணைத் தலைமையாசிரியர் ஒரு வரியில் உத்தரவு போட்டு முடித்திருக்கலாம். அவர் போடவில்லை, நீங்களே பேசுங்கள் என்று விட்டுவிட்டார். அந்தப் பொறுமைக்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை.

அடுத்த வாரம், முதலில் எதிர்த்து வாக்களித்த ஒரு பையனே புது யோசனையோடு வந்தான். மைக்ரோவேவைக் கேன்டீனுக்குப் பக்கத்து வகுப்பறையில் வைக்கலாம், அங்கே யார் துடைப்பது என்று ஒரு முறை போட்டுக்கொள்ளலாம், முறைப் பட்டியலைத் தானே எழுதுகிறேன் என்றான். இந்தத் தடவை வாக்கெடுப்பில் அது ஜெயித்துவிட்டது. வாக்கில் தோற்றவர்களின் நிலையை ஜெயித்தவன் யோசித்துப் பார்த்தது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

என் மனதுக்கு இதைவிட நெருக்கமானது ரீசிட் வகுப்பு, அதாவது மறுதேர்வு எழுதுகிறவர்களுக்கான வகுப்பு. இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இயில், கணக்கில் 4 என்ற கிரேடு வாங்காதவர்கள் சிக்ஸ்த் ஃபார்ம் வந்த பிறகும் கணக்கைத் தொடர்ந்து படித்தாக வேண்டும். இல்லையென்றால் அவர்களுக்கான அரசு நிதி பாதிக்கும். 18 வயது வரை படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது 2015 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். ஆக, விரும்பி வராத பிள்ளைகளும் இதில் உண்டு. ஒரே காமன் ரூமில் ஒருத்தி ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் உயர்கணக்கு படித்து கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கிறாள், பக்கத்து நாற்காலியில் உள்ளவன் மூன்றாவது தடவையாகச் சதவீதக் கணக்கை எழுதப் போகிறான். அவன் புத்தகத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்க மாட்டான். அந்தக் கூச்சம் எனக்குத் தாங்காது.

அதனால் ஃப்ரீ பீரியடில் இருவர் இருவராகச் சேர்ந்து உட்கார வைக்க ஆரம்பித்தோம். ஒரு கணக்கு: 20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு சட்டை 60 பவுண்டு, பழைய விலை என்ன? ரீசிட் பிள்ளைகளில் பலர் 60க்கு 20 சதவீதம் கூட்டி 72 என்று எழுதுவார்கள். 60 என்பது 80 சதவீதம், எனவே விடை 75. ஃபர்தர் மேத்ஸ் பெண் இதைச் சமன்பாடு போட்டு விளக்கினாள், அவனுக்கு ஏறவில்லை, வேறு விதமாக விளக்கினாள், அதுவும் ஏறவில்லை. சனிக்கிழமைகளில் அவன் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவன். சட்டென்று, "தள்ளுபடி பழைய விலையிலதானே போடுவாங்க, 60ல இல்லையே" என்றான். 75ல் 20 சதவீதம் 15 என்று அவனே சரிபார்த்தும் காட்டினான். அடுத்த வாரம் இன்னொரு ரீசிட் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். அந்தப் பெண்ணும் முறையைச் சொல்வது வேறு, ஒருவருக்குப் புரிய வைப்பது வேறு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். பிறகு இருவரும் காமன் ரூமில் ஒரே மேசையில் சாப்பிடுவதைப் பார்த்தேன். செப்டம்பரில் ஒவ்வொரு பழைய பள்ளிக் கூட்டமும் தனித்தனி மூலையில் உட்காரும் இடம் அது.

இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது, யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் காலம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் அக்டோபர் 15 மாலை 6 மணி கெடு. 4,000 எழுத்துகளுக்குள் நான் யார், என்னால் என்ன முடியும் என்று ஒவ்வொருவரும் தன்னைப் பற்றியே எழுத வேண்டும். இரண்டு மாதம் பள்ளி முழுக்க அதே பேச்சு. அப்ரென்டிஸ்ஷிப், அதாவது வேலை செய்துகொண்டே பெறும் பயிற்சி, தேடுகிற பிள்ளைகளுக்குப் பொதுவான கெடுவும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டு ஓரமாக இருப்பார்கள். பல்கலைக்கழக அழைப்புகளை மட்டும் அசெம்ப்ளியில் வாசிக்கிற பழக்கத்தை மாற்றச் சொல்லி இயர் 13 பிள்ளைகளே கேட்டார்கள், மாற்றினோம். எலக்ட்ரீஷியன் பயிற்சியில் இடம் கிடைத்த பையனுக்குக் கிடைத்த சத்தம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இல்லை.

பணக் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். வாராவாரம் 30 பவுண்டு வரை தந்த பழைய உதவித்தொகை இங்கிலாந்தில் 2011ல் நின்றுபோய், பர்சரி என்று வேறொரு உதவித்தொகை வந்தது. யார் வாங்குகிறார்கள் என்று நாங்கள் வெளியே சொல்வதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பதில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வரும் ஓப்பன் டேக்குப் போக ஒருவருக்கு ரயில் கட்டணம் இடித்தபோது, மூன்று பேர் ரயிலை விட்டுவிட்டு எல்லோருமாகக் கோச் பஸ்ஸில் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு ரீசிட் தேர்வு நவம்பரில். செப்டம்பர் மூன்றாவது வாரமே ஜோடிகள் உட்கார்ந்தால்தான் பலன் இருக்கும். ஃப்ரீ பீரியடில் வசதிப்படி நடத்துவது போதவில்லை, ஒரு ஜோடிக்குச் சேர்கிற நேரம் இன்னொரு ஜோடிக்குச் சேர்வதில்லை. டைம்டேபிளில் வாரத்துக்கு ஒரு பீரியட் நிரந்தரமாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் அந்தத் துணிக்கடைப் பையனும் இருக்கிறான்.