வலைப் பைக்குள் சிதையும் பலாச் சருகு: தென்மேற்குப் பருவமழைக்காலக் குறிப்புகள்

காப்புக்காட்டில் அனுமதியின்றிச் சருகைக்கூட எடுக்கக் கூடாது என்பதால், குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் உள்ள எங்கள் விளையையே (தோட்டத்தையே), பூஞ்சைகள் சருகைச் சிதைப்பதைக் கவனிக்கும் களமாகக் கொண்டேன். பழுத்து உதிர்ந்த பலா, தேக்கு, கிளைரிசிடியா இலைகளை நிழலில் உலர்த்தி, எடை மேலும் குறையாத நிலை வந்தபின் நிறுத்து, வலைப் பைகளில் இட்டு, மழைக்கு முன்பே அயினி மரத்தடியில் பரப்பினேன். நைலான் வலைக்குள் இலையை வைத்துச் சிதைவை அளக்கும் இம்முறையை போகாக், கில்பர்ட் என்னும் இருவர் 1957-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே காணலாம். இன்றும் இது எளிய முறைதான்.

பாதிப் பைகளைக் கொசுவலையிலும், மீதியை வெங்காய மூட்டையின் அகன்ற வலையிலும் தைத்தேன். கொசுவலை மரவட்டையையும் மண்புழுவையும் தடுத்துவிடும். ஆயினும் கண்ணுக்கு எளிதில் தென்படாத உண்ணிகளும் பாக்டீரியாக்களும் அதற்குள் நுழையும் என்பதால், உள்ளே நடப்பது முழுவதும் பூஞ்சையின் வேலை என்று நான் கணக்கெழுதவில்லை.

கிளைரிசிடியா இரு வகைப் பைகளிலும் விரைவில் நரம்பு மட்டும் எஞ்சும் அளவுக்குச் சிதைந்துவிட்டது. இலைக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்னும் பொருள் குறைந்த மென்மையான இலையிடம் வேறெதையும் எதிர்பார்ப்பதற்கில்லை. பலா இலைதான் நின்று பார்க்க வைத்தது. கொசுவலைக்குள் இருந்த பழுப்பு இலைகளில் வெளிறிய திட்டுகள் தோன்றி, வாரந்தோறும் விரிந்து, ஒன்றோடொன்று கலந்தன. லிக்னினைப் பூஞ்சைகள் லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் போன்ற நொதிகளால் உடைக்கும்போது பழுப்பு நிறம் நீங்கி, செல்லுலோஸ் என்னும் வெளிர்நிற நார்ப்பொருள் எஞ்சுகிறது. அத்திட்டுகளை விரலால் அழுத்தினால் இலை அடுக்கடுக்காகப் பிரிகிறது. திட்டில்லாத இடமோ இன்னும் விறைப்பாகவே இருக்கிறது. சில இலைகளில் இரண்டு திட்டுகள் சந்திக்கும் எல்லையில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறது. வெவ்வேறு பூஞ்சைகள் தத்தம் பரப்பைக் காத்துக்கொள்ளும் வரம்பு அது. என்னைக் கேட்டால், குடை விரிக்கும் காளானைவிட இந்தக் கோட்டைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும்.

மழை வலுத்தபின் பைகளுக்கு வெளியே, குதிரைமயிர் போன்ற கருங்காம்பில் மராஸ்மியஸ் வகைச் சிறு காளான்கள் எழுந்தன. வெயிலடித்த நாட்களில் சுருங்கி, அடுத்த மழையில் மீண்டும் விரிந்தன. அவற்றின் அடியில் வெள்ளைப் பூஞ்சை இழைகள் பல சருகுகளைத் தைத்ததுபோல் ஒட்டியிருந்தன. போர்ட்டோ ரிக்கோவின் மலைக்காடுகளில் இத்தகைய இழைப் பின்னல்கள் சரிவுகளில் இருந்து சருகு அடித்துச் செல்லப்படுவதைக் குறைப்பதாக ஜீன் லாட்ஜும் உடன் ஆய்வாளரும் 1988-இல் எழுதினார்கள். எங்கள் விளையும் சரிவான நிலமே. இழை படர்ந்த இடங்களில் பெருமழைக்குப் பின்னும் சருகு நகரவில்லை, இழையில்லாத வரப்போரம் வெறும் மண்ணாகிவிட்டது. மேலும், பழைய சருகில் உள்ள பாஸ்பரஸை இவ்விழைகள் புதிதாய் விழுந்த இலைக்குக் கடத்துகின்றன. சத்துக் குறைந்த இலையையும் சிதைக்க அவற்றால் முடிவது இதனால்தான்.

தேக்கிலையின் எடையை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் சொரசொரப்பில் ஒட்டிய மண் கழுவியும் போகவில்லை. அழுத்தித் தேய்த்தால் இலையே உதிர்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் சில பலா இலைப் பைகளைத் தரையைத் தொடாமல் குச்சிகளில் கட்டித் தொங்கவிடப் போகிறேன். பக்கத்துச் சருகின் இழை வந்து சேராத இலையில் வெளிறல் எவ்வளவு பிந்துகிறது என்பதை அவற்றில் பார்க்க வேண்டும்.