தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கு

நெஞ்சுக்குழியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து அரிக்கும். சில நாளில் பொடிக் கொப்புளமாகி நீர் கசியும். ஆறும்போது தோல் தடித்துக் கறுக்கும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. இரண்டு வருடம் இப்படியே போனது.

வீட்டில் எல்லோரும் சாப்பாட்டைத்தான் சொன்னார்கள். கத்தரிக்காயை நிறுத்தினேன், கருவாட்டை நிறுத்தினேன், கடைசியில் முட்டையையும். மருந்துக்கடையில் கேட்டதும் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவினால் நான்கு நாளில் அடங்கும், விட்டால் திரும்பும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

திருச்சியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அரிக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, "காது குத்தின புதுசுல கவரிங் போட்டீங்களா?" என்று கேட்டார். போட்டிருந்தேன். கல்லூரி நாளில் காது மடல் புண்ணாகி மாதக்கணக்கில் நீர் வடிந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்றார்.

திங்கட்கிழமை முதுகில் ஒட்டினார்கள். பிளாஸ்திரியில் வரிசையாகச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள்: கவரிங் நகையில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம், சிமென்ட்டில் இருக்கும் குரோமியம், தலைச் சாயத்தில் சேரும் ரசாயனம், வாசனைக் கலவை, ரப்பர் கையுறையில் இருப்பது, பார்த்தீனியச் செடி. வெள்ளிக்கிழமை வரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. நான் போனது கார்த்திகை மாதம், நல்லதாயிற்று. சித்திரை வெயிலில் அந்த ஒட்டு ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது.

புதன்கிழமை ஒட்டைப் பிரித்து, பேனாவால் குறியிட்டு அனுப்பினார்கள். அன்று ராத்திரி ஒரே ஒரு இடம் மட்டும் அரித்தது பாருங்கள், சொறியவும் கூடாது, தூக்கமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்தபோது அந்த இடம் சிவந்து மேடிட்டு, கடுகு கடுகாகக் கொப்புளம். நிக்கல். மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தது.

சாப்பாட்டால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடுமாம். உடம்பில் அங்கங்கே தடிப்பாக எழும், சில மணி நேரத்தில் மறையும். தோலில் பட்டதால் வருவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும், அதுவும் பெரும்பாலும் பட்ட இடத்தில். நானோ அரித்த அன்று காலையில் என்ன சாப்பிட்டேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, நிக்கல் எங்கிருந்து வந்தது? தாலியைக் கழற்ற வேண்டுமோ என்று எனக்குப் பதற்றம். மருத்துவர் மேசையிலிருந்து ஒரு சின்னப் புட்டி எடுத்தார். நிக்கல் இருந்தால் நிறம் மாறும் அந்த மருந்தில் பஞ்சுக்குச்சியைத் தொட்டுத் தாலியில் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கொடியில் எப்போதும் மாட்டியிருக்கும் மூன்று ஊக்கில் ஒன்றைத் தேய்த்தார். பஞ்சு ரோஜா நிறமானது! வேர்வை பட்டால் அதிலிருந்து நிக்கல் கரைந்து தோலில் இறங்குகிறது. புழுக்கமான நாளில் மோசமானதன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் போகாது, நிக்கலிலிருந்து விலகித்தான் இருக்க வேண்டும். ஊக்குகளைக் கழற்றித் தையல் பெட்டியில் போட்டேன். வாட்சின் பின்பக்கம் தோலில் படாதபடி துணிப்பட்டை மாற்றினேன். அவர் எழுதிக்கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் மட்டும் தடவினேன். ஒன்றரை மாதத்தில் தோல் ஆறிவிட்டது. கறுப்பு மறையத்தான் நாளாகிறது.

டென்மார்க்கில் 1990லேயே நகையிலிருந்து வெளியேறும் நிக்கலுக்குச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு காது குத்திய பெண் பிள்ளைகளிடம் இந்த ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது. நம் கடைகளில் நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். பெண்ணுக்கு இரண்டாவது துளை குத்தினோம். தோழிகள் கொடுத்த கவரிங் தோட்டைப் போடவேண்டும் என்று அழுதாள். புண் ஆறும்வரை தங்கக் கம்மல்தான் என்று நான் விட்டுக்கொடுக்கவில்லை.