மே மாச லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருவாங்களா?

தத்தெடுத்த நாயைப் பற்றி, "நாயைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுது, யாருக்காவது கொடுத்திரணும்" என்று சொல்கிற வீடுகளில் மூன்று வேறு வேறு சங்கதிகள் அந்த ஒரே பேச்சுக்குள் கிடக்கும். எது என்று பார்க்காமல் நாயைக் கைமாற்றினால் பத்துப் பதினைந்து நாளில் அது வாசலுக்குத் திரும்பி வரும். வரும்போது முன்னைவிட மிரண்டுபோய் வரும்.

முதல் வகையில் பயம் பிள்ளைக்கு மட்டும். நாய் பட்டாசலில் (நடுக்கூடத்தில்) காலை நீட்டித் தூங்கும். பிள்ளை அதைத் தாண்டி அடுக்களைக்குப் போக மாட்டாமல் கட்டிலில் ஏறி நின்று அழும். இது அநேகமாக நாள்பட நாள்படத் தணிந்துவிடும். இரண்டாவது வகையில் பயம் நாய்க்கு. தெருவில் கல்லெறி வாங்கி வளர்ந்ததற்குச் சின்னப் பிள்ளைகளைப்போலக் கணக்குக்கு அடங்காத ஜீவன் வேறு இல்லை. சும்மா இருக்கும்போதே பிள்ளை ஓடும், கீச்சென்று கத்தும், கழுத்தைக் கட்டிக்கொள்ளும், குனிந்து கண்ணுக்கு நேரே பார்க்கும். மூன்றாவது வகையில் நாய் பிள்ளையைக் கண்ணில் வைத்திருக்கிறது. பின்னாலேயே போகும், ஓடினால் பாயும், பல்லைக் காட்டும். சிப்பிப்பாறை, கன்னி ரத்தம் கலந்த நாய்களில் இது கோபமாக இல்லாமல் வேட்டைப் புத்தியாகவும் இருக்கும். ஓடுகிற எதையும் விரட்டும்படியே தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட இனங்கள் அவை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் நாயின் முகத்தில்தான் படிக்க முடியும். பிள்ளை கையில் முறுக்கோடு தார்சாவை (முன்பக்கத் தாழ்வாரத்தை) கடந்து போகிறது என்று வையுங்கள். படுத்திருக்கிற நாய் தலையைத் திருப்பாது. கண் மட்டும் பிள்ளையோடு நகரும். கண்ணோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். அதுவரை திறந்து இளைத்துக்கொண்டிருந்த வாய் மூடிக்கொள்ளும். நாக்கு ஒரு தடவை வெளியே வந்து மூக்கை நக்கும். தூக்கமே வராத நேரத்தில் ஒரு கொட்டாவி. பிறகு உடம்பு முழுக்க ஒரு விறைப்பு. இந்த விறைப்பு வந்துவிட்டால், வால் ஆடினாலும் அதைச் சந்தோஷம் என்று எண்ணிவிடக் கூடாது. "ஒரு சத்தமும் இல்லாம சட்டுனு கடிச்சிட்டு" என்பவர்கள் இந்த அரை நிமிஷத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அல்லது இதற்கு முன்னால் அது உறுமியபோதெல்லாம் அடித்திருப்பார்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது.

புது வீட்டில் நாய் அடங்குவதற்கு ஒரு கணக்கு உண்டு: மிரட்சி தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம்ம வீடு என்று ஆக 3 மாசம். முதல் இரண்டு வகைக்கு மூன்று வாரமாவது கொடுத்துப் பார்க்கலாம், பிள்ளையையும் நாயையும் உண்மையாகவே பிரித்து வைக்க வீட்டில் வசதி இருந்தால். மூன்றாவது வகை என்றால் இன்றைக்கே வேறு வீடு பார்க்கத் தொடங்குவதுதான் நியாயம்.

பிரித்து வைப்பதில்தான் நம் நெல்லைப் பக்கத்து வீடுகள் கழுத்தறுக்கும். நடை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று ஒரே நேர்கோட்டில் ரயில்பெட்டி மாதிரி போகிற வீட்டில் எங்கே நாயைப் போட்டாலும் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் இருக்கிற வளவு வீடு என்றால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். நாய்க்குத் தோதான இடம் புறவாசல்தான்: நிழல், கவிழாத கனமான தண்ணிச் சட்டி, தரையில் ஒரு சாக்கு. நடுவில் இரண்டு தடுப்பு இருக்க வேண்டும், ஒன்று போதாது. புறவாசல் கதவும், அடுக்களை நிலையில் ஒரு கம்பிக் கதவும். ஒன்றைப் பிள்ளைகள் திறந்து போட்டுவிடுவார்கள் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நடைவழியில் சங்கிலி போட்டுக் கட்டுவது இருக்கிறதிலேயே மோசமான ஏற்பாடு. பயந்த நாய்க்கு முதல் புத்தி விலகி ஓடுவது. சங்கிலி அதைப் பறித்துவிடுகிறது, மிச்சம் இருப்பது பல் மட்டும். கட்டாமல் முடியாது என்றால் ஒரு மூலையில், முறுக்கிக்கொள்ளாதபடி சுழலும் கொக்கி போட்ட சங்கிலியில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு மேல் ஒரு முழம் கூட்டிச் சாக்பீஸால் வளைத்து ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு வேறு பெரிய பாடம் வேண்டாம்: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகாதே, நாய் கிட்ட வந்தால் ஓடாதே, கையை உடம்போடு ஒட்டி வைத்து மரம் மாதிரி நில், கண்ணைப் பார்க்காதே. ஐந்து வயசுக்குக் கீழே இதுவும் நடக்காது. அங்கே கதவு ஒன்றுதான் வழி.

வேறு வீடு என்று முடிவெடுப்பதற்கு முன்னால் நாயை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். நெல்லையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து அரசு கால்நடை மருந்தகமும் ஆரம்பத்துக்குப் போதும். வலி இருக்கிற நாய்தான் பிள்ளைகளிடம் அதிகம் சீறும். காதைப் புரட்டி முகர்ந்து பாருங்கள். கெட்ட வாடையும் கருப்பு அழுக்கும் இருந்தால் காதில் புண். பிள்ளை ஆசையாகத் தலையைத் தடவுகிறபோது அதற்கு உயிர் போகிற வலி. காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி அடை அடையாக இருந்து, ஈறு வெளுத்து, சோறு வேண்டாம் என்று ஒதுங்கினால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சரி பண்ணியதும் "கொடுக்கவே வேண்டாம்" என்று ஆன வீடுகள் உண்டு.

ஏற்கெனவே பல் பட்டிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். சின்னக் கீறலானாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனை. தோலில் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வெறிநோய்த் தடுப்பூசி. ரத்தம் வந்த காயத்துக்குக் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் சேரும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்குப் போடாமல் இருக்கிற முடிவை வீட்டில் எடுக்கக் கூடாது, டாக்டர் எடுக்கட்டும். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் அது எங்கேயும் போகக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவசரத்தில் நாயைத் துரத்திவிட்டவர்களுக்கு, அது உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல ஆளே இல்லாமல் போகும். முகத்திலோ கழுத்திலோ ஆழமாகக் கடித்த நாயை இன்னொரு வீட்டில் சேர்ப்பதைப் பற்றி நினைக்கவும் வேண்டாம்; மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

சரி, கொடுப்பது என்று ஆகிவிட்டது. முதல் போன் யாரிடமிருந்து நாயை எடுத்தீர்களோ அவர்களுக்கு. தத்துக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குகிற தாளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு ஆளுக்குக் கைமாற்றக் கூடாது. வெட்கப்பட்டுக்கொண்டு இந்தப் போனைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். "இடமில்லை" என்று பதில் வரலாம். அப்படி வந்தால், "நாய் எங்க வீட்டிலேயே இருக்கட்டும், ஆள் மட்டும் பார்த்துக் கொடுங்க" என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குத் தட்டுப்பாடு கூண்டுக்குத்தான், தொடர்புகளுக்கு இல்லை.

தாமிரபரணிக் கரையிலோ நாலுவழிச்சாலை ஓட்டல் பக்கமோ கறிக்கடை முக்கிலோ இறக்கிவிட்டு வருவது பிழைக்க வழி காட்டுவது ஆகாது. ஒவ்வொரு முக்குக்கும் ஏற்கெனவே ஒரு நாய்க்கூட்டம் உண்டு, புதிதாக வருவதை அடித்துத் துரத்தும். பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும், தெருநாயைத் தத்தெடுத்தவர் அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

அடுத்தது அறிவிப்பு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "ரொம்பப் பாசமான நாய், இலவசம், உடனே" என்று எழுதினால் போன் குவியும், ஒன்றும் தேறாது. உள்ளதை எழுதினால் நாலே நாலு போன் வரும், அதில் ஒன்று வீடாக அமையும். இந்த மாதிரி எழுதலாம்:

"நாட்டு நாய், பெண், சுமார் 2 வயசு, 16 கிலோ. கருத்தடை ஆகியிருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது. பெரியவர்களிடம் நாலு நாளில் ஒட்டிக்கொள்ளும். பத்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கண்டால் உறுமும், இரண்டு தடவை பாய்ந்திருக்கிறது, கடித்ததில்லை. கோழி, பூனை இருக்கிற வீடு சரிப்படாது. சின்னப் பிள்ளைகள் இல்லாத, சுற்றுச்சுவர் உள்ள வீடு வேண்டும். நேரில் இரண்டு முறை வந்து பார்த்த பிறகே தருவோம்."

படம் இரண்டு போதும்: ஒன்று நின்றபடி பக்கவாட்டில், ஒன்று முகம். பிள்ளை பக்கத்தில் நிற்கிற படம் ஒன்றுகூட வேண்டாம். அந்த ஒரே படம் எழுதியதையெல்லாம் பொய்யாக்கிவிடும்.

வருகிற போன்களில் பாதி "தோட்டத்துக் காவலுக்கு" என்று வரும். வாழைத் தோட்டத்தில் மோட்டார் ரூம் பக்கம் கட்டிப்போட்டு, ஆள் வரும்போது மட்டும் சோறு வைக்கிற ஏற்பாடு என்றால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குடும்பமே அங்கே குடியிருக்கிறது என்றால் கதை வேறு, போய்ப் பார்க்கலாம். நாய் ஒல்லியாக, காலும் முகமும் நீண்டு இருந்தால் முயல் வேட்டைக்கு விடுகிற ஆட்கள் சுற்றி வருவார்கள். அது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதில் நாய்க்கும் கிழிசல்தான் மிச்சம். "குட்டி எடுக்க" என்று கேட்பவர்களைத் தவிர்க்க ஒரே வழி, கொடுப்பதற்கு முன்பே கருத்தடை செய்துவிடுவது. ஆபரேஷன் ஆகிப் புண் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் வீடு மாற்றக் கூடாது.

இந்த மாதிரி நாய்க்கு அமைகிற வீடு பெரும்பாலும் பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கத்து ஓய்வுபெற்ற தம்பதிகள் வீடாக இருக்கும். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், சுற்றுச்சுவரும் கேட்டும் இருக்கும், காலையில் நடைக்கும் போவார்கள். எல்லாம் பொருத்தமாக இருக்கிறது என்று நாயை அனுப்பிவைத்து, பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாள் போன் வரும். அதனால் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

"அண்ணாச்சி, மே மாச லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருவாங்களா?"

"வருவாங்கல்லா. ஒரு மாசம் இங்கதான் இருப்பாங்க."

"அந்த ஒரு மாசம் நாயை எங்க வைப்பீங்க?"

இதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். மாடி அறை, தனிக் கதவு உள்ள புறவாசல், அந்த மாசத்துக்கு வைத்துக்கொள்ள ஒரு தம்பி வீடு, எதுவானாலும் சரி. "அதெல்லாம் பழகிரும்" என்பது பதில் இல்லை.

முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தெருவில், இரண்டு தரப்பும் நாயோடு கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் போதும். இரண்டாவது சந்திப்பு அவர்கள் வீட்டில். கேட்டுக்குக் கீழே இடைவெளி எவ்வளவு, சுவர் எவ்வளவு உயரம், வேலைக்கு வருகிற அக்கா கூடவே பிள்ளையை அழைத்து வருவாரா என்றெல்லாம் அங்கேதான் தெரியும். கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை.

கொடுக்கிற நாளையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அந்தத் தெருவில் கோயில் கொடைத் திருவிழா இருக்கிற வாரம் கூடவே கூடாது. வேட்டும் நையாண்டி மேளமும் கேட்டுப் புது வீட்டு நாய் சுவர் ஏறிக் குதித்து ஓடும், பழைய வீட்டுக்கு வழியும் தெரியாது. தீபாவளிக்கும் அதேதான். சித்திரை, வைகாசி வெயிலில் என்றால் வெள்ளென, ஏழு மணிக்குள் காரிலோ ஆட்டோவிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். கிளம்புவதற்கு முன் சோறு வேண்டாம், வாந்தி எடுக்கும், தண்ணீர் கொடுக்கலாம்.

கழுத்துப்பட்டை ஒன்று, மார்போடு மாட்டுகிற பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. மிரண்ட நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்வது கேட் திறக்கிற அந்த நொடியில்தான் நடக்கும். கூடவே போகிற பையில் தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, அது சாப்பிடுகிற சட்டி, ஒரு வாரத்துக்கு இப்போது சாப்பிடுகிற தீனி. அவர்கள் வேறு தீனி போடுவதாக இருந்தால் பழையதில் கால் பங்கு குறைத்து, புதியதைக் கால் பங்கு சேர்த்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டி, ஒன்பது பத்து நாளில் மாற்றலாம். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றோட்டம் வரும், "நோய் நாயைக் கொடுத்துட்டாங்க" என்ற பேச்சும் வரும். கையெழுத்துத் தாளில் நாலு வரி போதும்: பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது சொல்லப்பட்டது, இரண்டு வாரம் பார்க்கும் காலம், ஒத்துவராவிட்டால் எங்களிடமே திரும்பும், வேறு யாருக்கும் கைமாற்றுவதில்லை. மாநகராட்சியில் உரிமம் எடுத்திருந்தால் பெயர் மாற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு போன், மூன்றாவது வாரம் ஒன்று, மூன்றாவது மாசம் ஒன்று. முதல் மாசம் நேரில் போய்ப் பார்க்க வேண்டாம். உங்கள் வாசனை கிடைத்ததும் அது மறுபடி கேட்டைப் பார்த்து உட்கார்ந்துவிடும்.

வீட்டுப் பிள்ளைகளிடம் "நீ பயந்ததாலதான் அனுப்பினோம்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அதற்குச் சின்னப் பிள்ளைகள் இல்லாத வீடு பிடிக்கும், கிடைத்துவிட்டது என்றால் போதும். விரும்பினால் பையைக் கட்டுகிற வேலையை அவர்களிடம் கொடுக்கலாம். சட்டியைக் கழுவி வைக்கட்டும். அது படுத்திருந்த சாக்கை மட்டும் கழுவாமல், வாடை போகாமல் அப்படியே மடித்துப் பைக்குள் மேலாக வைக்கச் சொல்லுங்கள். புது வீட்டில் முதலில் விரிக்க வேண்டியது அதைத்தான்.